முதலில் சாப்பிடுங்கள், படம் அப்புறம்: ஜப்பானிய உணவகம் பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பானில் பிள்ளைகள் வேலை பார்க்கும் பெற்றோர், கம்பெனி வேலையாகப் போகிறவர்கள், சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஊரைப் பற்றிக் கேட்டதைவிட அங்கே எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டதுதான் அதிகம். ஒசாகாவில் ஒன்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

மகள் டோக்கியோவில் இருக்கிறாள். ஏப்ரலில் நானும் கணவரும் போகிறோம். முட்டைகூட எடுக்காத சுத்த சைவம். உண்மையான ஜப்பானிய உணவகத்தில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட முடியுமா, இல்லை புளிக்காய்ச்சலோடு போவதே நல்லதா?
*வாசகி, ஈரோடு*

முடியும். புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள், ஆனால் அதை நம்பி மட்டும் போகவேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அசைவம் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற துண்டாக மட்டும் இருப்பதில்லை, கொதித்த தண்ணீரிலேயே இருக்கிறது. ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்ற தெளிந்த சாறு. இரண்டு பொருளில் இதை எடுப்பார்கள். ஒன்று கொம்பு (பெயர்தான் அப்படி, அது காய்ந்த கடற்பாசி). இன்னொன்று கட்சுவோபுஷி, அதாவது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்துச் சீவியது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும், கிட்டத்தட்ட அதே பொருள்தான். இந்தத் தாஷி மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் இருக்கும், காய்கறிக் கூட்டில் இருக்கும், சோபா என்கிற பக்வீட் தானிய நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும், இனிப்பாக இருக்கிற இனாரி சுஷியின் டோஃபு உறையைக்கூடப் பெரும்பாலும் இதில்தான் வேகவைத்திருப்பார்கள். அதனால் 'இறைச்சி வேண்டாம்' என்று நீங்கள் சொல்லி, கடைக்காரரும் மனதாரச் சரி என்று தலையாட்டி, மீன் சாறு ஊற்றிய கீரையைக் கொண்டுவந்து வைப்பார். அவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் தாஷி அசைவம் என்ற எண்ணமே கிடையாது, நமக்குப் பெருங்காயம் மாதிரி அது அவருக்கு.

ஆகவே மகளிடம் சொல்லி ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி நான்கும் வேண்டாம், கொம்பிலும் ஷீடாக்கே காளானிலும் எடுத்த தாஷி என்றால் சரி. இந்தக் கடைசி வரிதான் முக்கியம், ஏனென்றால் வேண்டாததை மட்டும் சொன்னால் சமையல்காரர் திகைத்துப்போவார், எது ஆகும் என்று சொன்னால் அவருக்கு ஒரு வழி கிடைக்கும். சீட்டைக் கடைக்குப் போய் நீட்டாதீர்கள், முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சாயங்காலத்துக்கான சாறு காலையிலேயே தயாராகிவிடும், ஏழு மணிக்குப் போய் மாற்றச் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

நான் இருந்த தெருவில் ஒரு சிறிய சோபா கடை. ஊரிலிருந்து வந்த என் அத்தைக்காக முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அந்தப் பெரியவர் கொம்பை இரவே ஊறவைத்து, எங்களுக்கென்று தனியாகச் சாறு எடுத்து வைத்திருந்தார். அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு 'ரசம் மாதிரி மனசுக்கு இதமா இருக்குடா' என்றார். ஒரு நாள் முன்னால் சொன்னதற்கு அவ்வளவு பலன்.

உங்களுக்கென்றே உண்டான சமையலும் அங்கே இருக்கிறது. பௌத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி'. மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட மரபாகச் சேர்ப்பதில்லை, நம்மூரில் சில வீடுகளில் இருக்கிற அதே கட்டுப்பாடுதான். கியோட்டோவில் அரஷியாமா பக்கம் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் இருக்கிறது. இன்னும் நேரம் இருந்தால் வகயாமா மாநிலத்தில் கோயா மலைக்குப் போங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கூகாய் என்ற துறவி தொடங்கிய இடம், ஐம்பது கோயில்கள் அளவில் தங்க இடம் தருகின்றன, இரவும் காலையும் ஷோஜின் சாப்பாடு. எள்ளை அரைத்து, கூழாகக் கிண்டி, கட்டியாக்கி வைக்கிற கோமா டோஃபுவை அங்கே சாப்பிட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் தெரிந்த நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது.

முட்டை சேராது என்பதால் சாதாரணக் கடைகளில் மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புரா கேட்காதீர்கள், மாவில் பெரும்பாலும் முட்டை கலப்பார்கள்.

அடுத்த மாதம் டோக்கியோவில் வாடிக்கையாளர் ஒருவர் சுஷி கடைக்கு அழைத்திருக்கிறார். மெனுவே கிடையாதாம், 'ஒமகாசே' என்றார். எனக்குப் பதற்றமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?
*வாசகர், கோவை*

ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். அன்று காலை சந்தையில் என்ன நன்றாகக் கிடைத்ததோ அதை வைத்து, எதற்குப் பின் எது என்று சுஷி பிடிக்கும் சமையல்காரரே தீர்மானித்து ஒவ்வொன்றாகத் தருவார். பொதுவாக இலேசான வெள்ளை மீனில் ஆரம்பித்து, கொழுப்புள்ள சூரை வழியாகப் போய், இனிப்புச் சாறு தடவிய கடல் விலாங்கு, முட்டைப் பணியாரம் மாதிரியான தமகோ என்று முடியும். நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. பதற்றத்துக்கும் இடமில்லை.

நேரத்துக்குப் போங்கள், இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. எட்டுப் பத்து இருக்கைதான் இருக்கும், பல கடைகளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், நீங்கள் பதினைந்து நிமிடம் தாமதித்தால் மற்ற ஏழு பேரும் காத்திருக்க வேண்டும். சென்ட் போடாதீர்கள். மீனின் மணமும் வினிகர் சோற்றின் மணமும் மிக மெல்லியவை, உங்கள் சென்ட் பக்கத்து இருக்கைக்காரரின் சாப்பாட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சாப்பிட முடியாத பொருள் இருந்தால் இன்றே அழைத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் படம். எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சரி என்றால் ஒரே ஒரு படம், உடனே வாயில் போட்டுவிடுங்கள். நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நல்ல கடையில் சுஷிச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடச் சற்றுக் குளிர்ந்து இருக்கும், இரண்டும் வாயில் சேர்கிற நொடிக்காகத்தான் அவர் அந்த அழுத்தத்தில் பிடித்து வைக்கிறார். பல கடைகளில் சோயா சாற்றையும் அவரே தூரிகையால் தடவிவிடுவார், நீங்கள் தொட்டுக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படமெடுத்தால் மீன் சூடேறி, சோறு ஆறி, வேறு பொருளாகிவிடும். கல்லில் இருந்து எடுத்த நெய் ரோஸ்ட்டை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் அம்மாவுக்கு எப்படி வலிக்கும்? கடைக்காரருக்கும் அப்படித்தான், ஆனால் அவர் சொல்லமாட்டார்.

பாதியாகக் கடிக்காதீர்கள், ஒரே வாய். பெரிதாகத் தெரிந்தால் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பிடிக்கும்படி கேட்கலாம், அதில் தவறே இல்லை, பலர் கேட்பார்கள்.

சுஷியைக் கையால் சாப்பிடலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

தாராளமாக. 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடை அவசரச் சாப்பாடாகப் பரவியதுதான் இந்தப் பிடி சுஷி. ஹனாயா யோஹெய் என்பவரைத்தான் அதற்கு மூலவர் என்பார்கள். நின்றபடி கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்றும் பெரிய கடைகளில் பலர் கையால்தான் எடுக்கிறார்கள், அதற்காகவே விரல் துடைக்கச் சின்ன ஈரத்துணி வைப்பார்கள். சாறு தொடுவதாக இருந்தால் கவிழ்த்து மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றுப் பக்கம் தொட்டால் உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். சோறில்லாமல் வரும் பச்சை மீன் துண்டான சஷிமிக்கு மட்டும் குச்சி. இஞ்சி ஊறுகாய் ஒரு சுஷிக்கும் அடுத்த சுஷிக்கும் நடுவில் நாக்கைக் கழுவிக்கொள்ள, மீன்மேல் வைத்துச் சாப்பிட அல்ல.

நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். விடியற்காலை வலையில் இருந்து வந்த மீனைக்கூடப் பச்சையாகச் சாப்பிட மாட்டோம். அவர்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை? புதுமீன் என்பதாலா?
*வாசகர், நாகப்பட்டினம்*

சரியான ஆள் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். புதுமீன் என்பது பாதிப் பதில்தான், அதை முழுப் பதிலாக நினைப்பதுதான் ஆபத்து.

கடல்மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது இருக்கும், மீன் செத்ததும் குடலில் இருந்து சதைக்குள் நகரும். அதனால் ஜப்பானில் மீனவர் கையில் இருந்தே வேலை ஆரம்பிக்கிறது. 'இகேஜிமே' என்று ஒரு முறை: உயிருள்ள மீனின் மூளையில் கூர்முனையால் குத்தி நொடியில் கொன்று, இரத்தத்தை வடித்து, முதுகுத்தண்டில் கம்பி விட்டு, பனிக்கட்டியில் வைப்பார்கள். மீன் துடிதுடித்துச் சாகாததால் சதை கெடாமல் நிற்கும். குடலை உடனே எடுத்துவிடுவார்கள். சதையை வெளிச்சத்தில் பிடித்துப் புழு இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உறைய வைத்தால் அனிசாகிஸ் சாகும் என்பது அந்நாட்டு அரசு சொல்லும் கணக்கு. ஆழ்கடலில் பிடிக்கிற சூரையைக் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரி அளவில் உறைய வைத்துவிடுவார்கள். இத்தனைக்குப் பிறகும் அங்கே ஆண்டுதோறும் பலருக்கு வயிற்றில் புழு ஏறத்தான் செய்கிறது, ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆவதே இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, எல்லாமே பச்சை என்பதும் சரியல்ல. பனிப்பெட்டி இல்லாத காலத்தில் பிறந்த எடோ சுஷியில் கானாங்கெளுத்தியை உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பார்கள் (வினிகர் புழுவைக் கொல்லாது, அதை நம்பவேண்டாம்), சூரையைச் சோயாவில் ஊறப்போடுவார்கள், விலாங்கை வேகவைப்பார்கள். சில வெள்ளை மீன்களைப் பிடித்த அன்றே பரிமாறாமல், சுவை கூடட்டும் என்று ஓரிரு நாள் பதமாக வைத்திருந்தே வெட்டுவார்கள். சுஷி என்றாலே நினைவுக்கு வருகிற சால்மனைப் பச்சையாகத் தின்னும் பழக்கம்கூட அவர்களிடம் பழையது இல்லை, 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் வளர்ப்பு மீனைக் கொண்டுபோய் விற்ற பிறகுதான் பரவியது.

நம் சந்தை மீனை வாங்கி வீட்டில் சஷிமி செய்து பார்க்கவேண்டாம். ஆற்றுமீன், குளத்துமீன் பக்கமே போகவேண்டாம், அவற்றில் வேறு புழுக்கள் உண்டு.

பச்சை நிறத்தில் வைக்கிற அந்த உறைப்பு விழுது, வசாபி, கடுகுதானே?
*வாசகி, சேலம்*

நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் டியூபில் வருவது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும்தான். உண்மையான வசாபி ஓடுகிற குளிர்ந்த நீரில் வளரும் தண்டு. ஷிசுவோகாவின் இசுப் பக்கமும் நகானோவின் அசுமினோவும் பேர்போன இடங்கள். சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்டமாகத் தேய்ப்பார்கள், தேய்த்துக் கால்மணி நேரத்துக்குள் மணம் ஓடிவிடும். கடுகு மாதிரி மூக்கைப் பிடுங்காது, ஏறிய வேகத்தில் இறங்கி ஓர் இனிப்பை விட்டுவிட்டுப் போகும். சஷிமியோடு வைத்தால் சோயாவில் போட்டுக் கரைக்காமல் மீன்மேல் ஒரு துளி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒசாகாவில் ஓர் இசகாயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதோ வைத்தார்கள். பில்லில் ஆளுக்கு 400 யென் போட்டிருந்தது. வெளிநாட்டுக்காரர் என்று ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், சென்னை*

இல்லை. அதற்கு 'ஓதோஷி' என்று பெயர், பக்கத்து மேசை ஜப்பானியர் பில்லிலும் அது இருந்திருக்கும். இசகாயா என்பது குடித்துக்கொண்டே சின்னச் சின்னத் தட்டுகளாகச் சாப்பிடும் இடம். சொன்னது வரும்வரை கொறிக்க ஒரு கிண்ணம் வைப்பார்கள், அதுவே இருக்கைக்கான கட்டணம் மாதிரி. 300 முதல் 500 யென் வரை சாதாரணமாக இருக்கும். ஒவ்வாமை என்றால் உட்காரும்போதே சொல்லலாம்.

அதே பில்லில் நீங்கள் கொடுக்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன்: டிப்ஸ். மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கும் கவுண்டருக்குப் போய், அங்கே வைத்திருக்கிற சின்னத் தட்டில் பணத்தை வைக்க வேண்டும், கையில் நீட்டுவதில்லை.

ராமென் கடையில் எல்லாரும் உறிஞ்சுகிற சத்தம் காதைப் பிளந்தது. நாமும் உறிஞ்ச வேண்டுமா? என் மனைவிக்குக் கூச்சம்.
*வாசகர், மதுரை*

கட்டாயம் இல்லை. சத்தமில்லாமல் சாப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அதில் காரணம் இருக்கிறது: கொதிக்கிற சாற்றில் கிடக்கிற நூடுல்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் ஊறி இளகிக்கொண்டே போகும், விறைப்பாக இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்றால் காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் வாய் பொசுங்காது. சோபாவில் மூக்குக்குப் போகிற தானிய மணமும் அப்படி இழுக்கும்போதுதான் தெரியும். சோறு மெல்லும்போது சப்புக்கொட்டுவது மட்டும் அங்கேயும் அழகில்லை. நல்ல சோபா கடையில் கடைசியில் ஒரு கெட்டிலில் கலங்கலான வெந்நீர் வைப்பார்கள், சோபா வெந்த கஞ்சித் தண்ணீர் அது, மீதமிருக்கும் சாற்றில் ஊற்றிக் குடியுங்கள். வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. பாரம்பரியக் கடைகளில் பாய்தான் என்கிறார்களே? குழந்தைகள் வேறு பச்சை மீனைத் தொடமாட்டார்கள்.
*வாசகி, திருநெல்வேலி*

முன்பதிவில் 'ஹோரிகொதாட்சு' இருக்கிறதா என்று கேளுங்கள். பாய் அறைதான், ஆனால் மேசைக்கடியில் பள்ளம் இருக்கும், காலைத் தொங்கவிட்டு நாற்காலி மாதிரி உட்காரலாம். நாற்காலி போட்ட அறைகளும் நிறைய வந்துவிட்டன. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், அது நமக்குப் பழக்கம்தான். கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும், அதோடு மறுபடி பாய்மேல் வந்துவிடாதபடி குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

குழந்தைகளுக்கு ஊதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ், இல்லையென்றால் 'கரே ரைசு'. நம் 'கறி' ஆங்கிலத்துக்குப் போய், மெய்ஜி காலத்தில் (1868–1912) பிரிட்டன் வழியாக ஜப்பான் சேர்ந்து, இன்று அவர்கள் வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். மாட்டுக்கொழுப்புச் சேர்ந்த மசாலாக்கட்டி பரவலாக உண்டு, மாடு சாப்பிடாத வீடு என்றால் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக் குச்சியில் பெரிய தப்பு எது?
*வாசகர், புதுச்சேரி*

இரண்டுதான் உண்மையாகவே மனதை நோகடிக்கும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைப்பது, இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் அப்படித்தான் நடுவார்கள். குச்சியில் இருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது, தகனத்துக்குப் பிறகு எலும்புகளை உறவினர்கள் அப்படித்தான் குச்சியால் எடுத்துத் தாழியில் வைப்பார்கள். நம் வீட்டில் பிண்டத்தையும் வாய்க்கரிசியையும் நினைத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும். மற்றபடி பிடிக்கத் தெரியவில்லை என்றால் ஸ்பூன் கேளுங்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். சோற்றுக் கிண்ணத்தையும் சூப்புக் கிண்ணத்தையும் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொள்வதுதான் அங்கே முறை, குனிந்து வாயைக் கொண்டுபோவது அல்ல.

கியோட்டோவில் 'கைசெகி' விருந்து சாப்பிட்டோம். பத்துத் தட்டு வந்தது, சோறு மட்டும் கடைசியில் வந்தது. அதற்குள் குழம்பு கூட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ஏன் அப்படி?
*வாசகி, காரைக்குடி*

விருந்துச் சாப்பாடு தெரிந்த ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் சந்தோஷம். நம் இலையில் எல்லாம் சோற்றுக்காக வருகிறது. கைசெகி விருந்தில் மற்றவையெல்லாம் அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் சாகே மதுவோடு சாப்பிடுவதற்கு. சாகேயும் அரிசி, சோறும் அரிசி என்பதால் ஒன்று முடிந்த பிறகே மற்றது வரும். சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றும் வந்தால் விருந்து முடியப்போகிறது என்று அடையாளம், நம் தயிர்சாதம் மாதிரி. கூட்டுக்காக ஏங்காமல் அந்தச் சோற்றைத் தனியாக மென்று பாருங்கள். நல்ல கடைகளில் உங்கள் நேரத்தைக் கணக்குப் பண்ணி அப்போதுதான் மண்பானையில் ஆக்கியிருப்பார்கள், கேட்டால் அடியில் பிடித்த காந்தலையும் சுரண்டித் தருவார்கள். தட்டுகளையும் கவனித்திருப்பீர்கள், இலையுதிர் காலத்துக்கு ஒரு கிண்ணம், கோடைக்குக் கண்ணாடி, வசந்தத்துக்கு வேறு என்று மாறும். ஜப்பானியர் உணவு மரபை 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தப் பருவ உணர்வையும் சேர்த்தே சொன்னார்கள்.

முடிந்ததும் 'கொச்சிசோசாமா தெஷ்டா' என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அதில் இருக்கிற 'சிசோ' என்ற சொல்லுக்கு ஓடியாடுதல் என்று பொருள், உங்கள் சாப்பாட்டுக்காக ஓடி அலைந்து பொருள் சேர்த்தவருக்கு நன்றி. கியோட்டோவில் கடை நடத்தும் அம்மா வாசல் திரைச்சீலை தாண்டித் தெருவுக்கே வந்து, நீங்கள் முனை திரும்பும்வரை நிற்பார். திரும்பும் முன் ஒருமுறை பார்த்துத் தலை தாழ்த்துங்கள், அவர் அங்கேதான் குனிந்தபடி நின்றிருப்பார்.